ஹெல்மெட் தளர்ந்த கதை

என் வேலையே சந்தேகப்படுவதுதான். ஈப்போவில் ஒரு பேரங்காடியின் வெளிவாசலில் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறேன். சாமான் வாங்கி வருகிறவர்களின் ரசீதை வாங்கிப் பார்த்து, தள்ளுவண்டிக்குள் ஒரு நோட்டம் விட்டு, ரசீதில் பேனாவால் ஒரு கோடு கிழித்துக் கொடுப்பேன். சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். சிரிப்பேன். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறவர்களைத்தான் கூடுதலாகக் கவனிப்பேன். அரிசிப் பைக்கு அடியில் பால்மாவு டின்னை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவதில்லை.

வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மீன்காரரின் தராசை நான் குனிந்து பார்ப்பதும், சமையல் கேஸ் தோம்பு கொண்டு வருகிறவரைத் தோம்பைத் தூக்கி ஆட்டிக் காட்டச் சொல்வதும் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். "ஒனக்கு சாமியே நேர்ல வந்து பிரசாதம் குடுத்தாலும் ரசீது கேப்பே" என்பார் என் வீட்டுக்காரர். அவர் எதையும் கேட்க மாட்டார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சொன்ன காசைக் கொடுத்துவிட்டு வருவார். சட்டை வாங்கப் போனால் வாசலில் தொங்குகிற முதல் சட்டையே போதும். இப்படி ஓர் ஆளைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேருக்குமான சந்தேகத்தை நான் ஒருத்திதானே பட வேண்டும்?

அவருக்கு ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. எங்கள் வீடு காம்பாருக்குப் போகும் பழைய சாலையில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் கட்டிய தாமானில் இருக்கிறது. தோட்டத்தில் மிச்சமிருப்பது கோயிலும் பேருந்து நிறுத்தத்தில் எழுதியிருக்கும் பெயரும்தான். சுற்றிலும் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை. அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். குறுக்கே எத்தனையோ லோரிகள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வளைவில் திரும்பும்போது பழங்கள் உதிர்ந்து சாலையில் உருளும். மழையில் நனைந்த பழத்தின் மேல் சக்கரம் ஏறினால் மோட்டார் நிற்காது.

அப்படித்தான் ஒரு மழைக்காலத்தில் விழுந்தார். புருவத்துக்கு மேல் தையல், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அவரைத் தூக்கிவிட்ட ஆள் சொன்ன ஒரு சேதிதான் எனக்குள் தங்கிவிட்டது. இவர் விழுந்த இடம் ஒன்று, ஹெல்மெட் கிடந்த இடம் வேறு. தலை தரையில் படுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று போயிருக்கிறது. தாடை வாரைப் போடவில்லையா என்று கேட்டேன். போட்டேன் என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. அந்த ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி, வாரையும் நானே பூட்டி, பின்பக்கமிருந்து ஒரே இழுப்பு இழுத்தேன். என் கையோடு வந்துவிட்டது. மோட்டார் வாங்கியபோது இனாமாகக் கொடுத்த ஹெல்மெட் அது. இத்தனை வருடமும் அதைத் தலையில் வெறுமனே கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். வேலை நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தால் கையிலிருக்கும் ரசீதை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன். வேறு எதுவும் வேண்டாம், அந்தத் தலை தினமும் முழுசாக வீடு வந்து சேர வேண்டும். அதற்காக இரண்டு காரியம் செய்தேன். வருகிற தைப்பூசத்தில் இவர் மொட்டை போடுவார் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கக் கிளம்பினேன். முருகனை நம்பினேன். கடைக்காரர்களை நம்பவில்லை.

போகும் முன் கைப்பேசியில் காணொளிகள் பார்த்துப் படித்தேன். சொல்லிக் கொடுக்கிறவரின் பின்னால் ஒரே கம்பெனியின் ஹெல்மெட்டுகள் அடுக்கியிருந்தால் அதைப் பாதியிலேயே மூடிவிடுவேன். எல்லாரும் பொதுவாகச் சொன்னதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டேன். நெற்றிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் விரல் போகக் கூடாது. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாகச் சுற்றக் கூடாது. பின்னாலிருந்து மேலே தூக்கினால் கழலக் கூடாது. கன்னம் இரண்டும் பஞ்சுக்குள் அழுந்தி, வாய் மீன் வாய் மாதிரி குவிய வேண்டும். புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும், வலிக்கக் கூடாது.

தீபாவளிக்கு முன்னால் ஈப்போவில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே இவருடைய சுருட்டை முடியைப் பார்த்ததும் எல் அளவை எடுத்து நீட்டினார். பார்த்தாலே தெரிந்துவிடுமா? எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. எல் விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ என்னவோ. எம் கேட்டேன். அதை மாட்டிவிட்டு நான் ஆரம்பித்தேன். இழுத்தேன், தூக்கினேன், இடமும் வலமுமாகத் திருப்பினேன், விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒட்டியிருந்த தர முத்திரையை நகத்தால் சுரண்டி, அது உரிந்து வருகிறதா என்று பார்த்தேன். அதோடு விடாமல், கொஞ்ச நேரம் மாட்டியபடியே உட்காருங்கள் என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். தவுக்கே ஒரு பாவ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்லா. நான் என்ன இத கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?" என்றார் இவர். கன்னம் அழுந்தியிருந்ததால் வார்த்தை பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அந்தக் கோலத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஆசைக்கு இல்லை. பின்னால் ஏதாவது தகராறு வந்தால் காட்டலாமே என்றுதான். வீட்டுக்கு வந்ததும் உள் பஞ்சைக் கழற்றி, ஓட்டின் உட்புறத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். தொழிற்சாலை நிறுத்துமிடத்தில் ஹெல்மெட் காணாமல் போவதும், நல்லதை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. என் பொருளுக்கு என் அடையாளம் வேண்டும்.

தைப்பூசம் வந்தது. வேண்டுதல் என்னுடையது, விரதமும் மொட்டையும் அவருடையது. கடைசிவரை ஒழுங்காக விரதம் இருந்தார். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. அடிக்கடி தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். வெறும் வயிறு, தண்ணீராவது குடிக்கட்டும் என்று நானே போத்தலில் நிரப்பி வைப்பேன். ஈப்போ கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றபோது முகம் சின்னதாகிப் போயிருந்தது. விரதம் இருந்த உடம்பு, மொட்டை போட்ட தலை, அப்படித்தான் தெரியும் என்றார்கள் எல்லாரும். நானும் அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது ஹெல்மெட் ஆடியது. தாமானே சிரித்தது. தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டவன் யாராவது தீபாவளிக்கு ஹெல்மெட் வாங்குவானா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். எங்கள் பக்கம் இது சகஜம். பூசம் முடிந்த வாரத்தில் மொட்டை போட்ட ஆண்கள் எல்லாரும் தலையில் ஒரு துண்டைக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள். முடி வளர வளரத் துண்டு மெல்லிசாகும், பிறகு துண்டே வேண்டியிருக்காது. இவரும் துண்டு கட்டிக்கொண்டார். சுருட்டை முடியின் அடர்த்தியை நான் கணக்கில் சேர்க்கவில்லையே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. முடிதானே, வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

முடி வந்தது. சித்திரை பிறந்து, அதற்குப் பிறகும் நாட்கள் ஓடி, சீப்பு வைத்து வாரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒருநாள் காலையில் அவர் மோட்டாரில் உட்கார்ந்த பிறகு, ஹெல்மெட்டின் முன்கண்ணாடியில் அழுக்கு இருக்கிறதே என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். ஹெல்மெட் அவர் முகத்தின் மேல் தனியாகத் திரும்பியது. கண்ணாடி காதுப் பக்கம் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே நேராக்கிக்கொண்டார். கழற்றச் சொன்னேன். உள்ளே, தலையில், துண்டு இன்னும் இருந்தது. முடி வளர்ந்த தலைக்கு எதற்குத் துண்டு?

"வேர்க்குதுலா, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் விடுவேனா? அன்று முழுவதும் வாசலில் நின்று ரசீதில் கோடு கிழித்துக்கொண்டே இதைத்தான் யோசித்தேன். முதல் சந்தேகம் தொழிற்சாலை ஆட்களின் மேல். யாரோ பெரிய தலைக்காரன் மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் பஞ்சை உருவிப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அது எங்கள் ஹெல்மெட்தான். இரண்டாவது, யாருக்காவது இரவல் கொடுத்து, அவன் தலை போட்டு விரிந்துவிட்டதோ? கேட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். மூன்றாவது சந்தேகம் பஞ்சின் மேல். மட்டமான பஞ்சை வைத்து விற்றிருக்க வேண்டும், சில மாதத்து வியர்வையில் அமுங்கிப் போயிருக்கும். கன்னத்துப் பஞ்சைக் கையில் பிடித்து நசுக்கினேன். விட்டதும் பழையபடி உப்பிக்கொண்டது. பஞ்சு நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் எனக்குத் தவுக்கே மேல்தான் கோபம். அன்று ரொட்டி தின்றுகொண்டே சிரித்த சிரிப்பில் ஏதோ இருந்தது என்று பட்டது.

சனிக்கிழமை இருவரும் போனோம். வழியெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் ஆளிருக்கும் நேரமாகப் பார்த்துச் சத்தமாகவே ஆரம்பித்தேன். இது என்ன ஹெல்மெட், சில மாதத்தில் இப்படித் தளர்ந்து போகிறது, ஆளுயிரோடு விளையாடுகிறீர்களா என்றேன். தவுக்கே கோபப்படவில்லை. அதே மாதிரி, அதே எம் அளவில், பிரிக்காத பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து இவர் தலையில் மாட்டினார். அதுவும் ஆடியது. அப்படியானால் எல்லாமே மட்டம் என்றேன். அன்று சரியாகத்தானே இருந்தது, நீதானே அவ்வளவு நேரம் இழுத்துப் பார்த்தாய் என்றார் அவர். அது உண்மைதான். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எஸ் அளவைக் கொண்டு வந்தார். அது இவர் தலையில் இறங்கவே இல்லை. கஷ்டப்பட்டு இறக்கியதும் நெற்றியில் சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது. வலிக்கிறது என்றார். ஆனால் கன்னத்துப் பக்கம் அந்தச் சின்ன ஹெல்மெட்டிலும் இடம் இருந்தது. தவுக்கே தன் விரலை உள்ளே விட்டுக் காட்டினார். தலை எம்தான், முகம்தான் ஒல்லி, கன்னத்துக்குத் தடித்த பஞ்சு மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்றார். என் வீட்டுக்காரருக்கு ஒல்லி முகமா? கல்யாணத்தில் மாலை போடும்போதே கன்னம் இரண்டும் பிதுங்கிக்கொண்டிருந்த ஆள். எங்கள் தங்கைமார்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே அதை வைத்துத்தான். பஞ்சு வியாபாரம் பண்ணப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து ஈப்போவிலேயே புந்தோங் பக்கம் நம்மாள் ஒருவரின் கடை. நம்மாள் என்பதால் நம்பிவிடவில்லை, தமிழில் சண்டை போடலாம் என்பதால் போனேன். அந்தக் கடைக்காரர் ஹெல்மெட்டை இவர் தலையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். வாரைப் பூட்டினார். பிறகு கன்னத்துக்கும் பஞ்சுக்கும் நடுவில் விரல்களைச் சேர்த்து உள்ளே விட்டார். தாராளமாகப் போனது.

அப்போது இவர் சொன்னார்: "வேணும்னா காம்பார்ல ஒரு கடை இருக்கு. அங்கயும் போய் பாத்துட்டு வரலாம்லா."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். இந்த மனிதர் தீபாவளித் துணிக்கே ஒரு கடைக்கு மேல் ஏறாதவர். விடுமுறை நாளில் இரண்டு கடை அலைந்த பிறகு, இன்னொரு கடைக்கும் போகலாம் என்று தானாகவே சொல்கிறார். காலையில் கிளம்பும்போதும் ஒரு முனகல் இல்லை. நான் தவுக்கேயைப் பேசிய பேச்சுக்கு வழக்கமாக என் கையைப் பிடித்து இழுத்திருப்பார், இன்று பக்கத்தில் பேசாமல் நின்றார். சரக்கை மறைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். கேட்காமலேயே பையைத் திறந்து காட்டுவார்கள், வேறு எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்பார்கள். எனக்குள் ஏதோ ஒன்று உஷாரானது. இவர் எதை மறைக்கிறார்?

இதற்குள் கடைக்காரர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "அக்கா, ஒங்களுக்கு ஆரம்பத்துலயே தப்பான சைஸ வித்துட்டான். நீங்க சரியா பாக்காம வாங்கிட்டீங்க."

நான் சரியாகப் பார்க்காமல் வாங்கினேனா? அந்த வார்த்தை என்னைக் கிளப்பிவிட்டது. காம்பாரையும் மறந்தேன், இவர் மேல் வந்த சந்தேகத்தையும் மறந்தேன். பாருங்கள் தம்பி, வாங்கிய அன்று எப்படிப் பிடித்திருந்தது என்று பாருங்கள் என்று சொல்லி, கைப்பேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, பெரிதாக்கி, அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். கைப்பேசியை மெதுவாக என் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

நானும் பார்த்தேன். படத்தில் ஹெல்மெட்டுக்குள் ஒரு முகம் அடைத்துக்கொண்டு நின்றது. கன்னம் இரண்டும் கண்ணை மூடுகிற அளவுக்கு மேலே ஏறியிருந்தன. எதிரே அதே ஹெல்மெட்டுக்குள் இன்னொரு முகம் இருந்தது. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு, அதற்குக் கீழே பள்ளமாக, வாய் ஓரத்தில் தோல் மடிந்து தொங்கியது. கடைக் கண்ணாடியில் அவருடைய கழுத்தும் தெரிந்தது. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கையே போகும் போலிருந்தது. தினமும் சோறு போட்டுக் கொடுக்கிறேன், தினமும் பார்க்கிறேன். முதலில் விரதம் என்றோம். பிறகு மொட்டை என்றோம். பிறகு ஹெல்மெட் என்றேன். விரதம் முடிந்து, முடியும் வளர்ந்து, ஹெல்மெட்டிலும் ஒரு குறையும் இல்லை.

"காம்பாருக்குப் போலாமா?" என்று கேட்டார் இவர்.

"வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

கடைக்காரர் தடித்த கன்னப் பஞ்சு இருக்கிறது, மாற்றித் தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் தம்பி என்றேன். திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பல வருடமாகப் பிடித்துக்கொண்டு போகிற இடுப்புதான். பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டை ஒன்று விரலில் பட்டது. சட்டைக்கு உள்ளே இன்னொரு சட்டை போட்டிருந்தார். இந்தப் பேராக் வெயிலில் யாராவது இரண்டு சட்டை போடுவார்களா? அதற்கும் கீழே கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. பக்கத்தில் உரசிக்கொண்டு போன லோரிகளை அன்று நான் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை இருவரும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். அவர் முரண்டு பிடிப்பார் என்று நினைத்திருந்தேன், பிடிக்கவில்லை. எண் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும், முதலில் விரலில் குத்திப் பார்க்க மலாய்த் தாதி ஒருவர் கூப்பிட்டார். குத்தினார். கருவியைப் பார்த்தார். இன்னொரு விரலைத் துடைத்து மறுபடியும் குத்தினார். காலையில் இனிப்பாக ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிறீர்களா, தாகம் எடுக்கிறதா, உடம்பு எப்போதிலிருந்து இளைக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். நான்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போனேன். தைப்பூச விரதத்திலிருந்து என்று மலாயில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவர் சொல்லிவிட்டார். விரதத்துக்கு முன்னாலிருந்தே என்று.

அது இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, மருந்தாலும் ஊசியாலும் சாப்பாட்டாலும் கட்டுக்குள் வைக்கக்கூடியது என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான். அந்தச் சமயத்தில் எங்களிடம் இருந்தது தாதியின் முகம் மட்டும்தான். டாக்டர் உடனே பார்ப்பார், உட்காருங்கள் என்றார். முகத்தில் சிரிப்பில்லை. மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. விரதத்துக்கு முன்னாலிருந்தே தெரியும் என்றால், பெல்ட்டில் புது ஓட்டை போட்டதும் சட்டைக்கு மேல் சட்டை போட்டதும் முடி வளர்ந்த தலையில் துண்டு கட்டியதும் தெரிந்தே செய்ததுதானே? மீன்காரரை, பஞ்சை, தவுக்கேயை, முகம் தெரியாத தொழிற்சாலை ஆட்களை, காணொளியில் பேசியவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேன். எந்த மனிதருக்காக இத்தனை பேரைச் சந்தேகப்பட்டேனோ அவரே என் கண் முன்னால் மறைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் மெதுவாகத்தான் கேட்டேன்.

அவருடைய அப்பாவும் தோட்டத்தில் இருந்தபோது இப்படித்தான் இளைத்தாராம். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாராம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் படுத்தார், படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். டாக்டரிடம் போகாத வரைக்கும் தனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. தைப்பூசம் வந்ததும் விரதத்தின் மேல் பழியைப் போட வசதியாகப் போயிற்று, முடி எடுத்ததும் இன்னும் வசதி.

"பெறகு நீ ஹெல்மெட்டுதான் தப்புன்ன" என்றார். "கட கடையா ஏறி சண்ட போட்ட. நீ அந்த தவுக்கேய திட்டறப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டியான்னு இருந்துச்சு. நீ இவ்ளோ திட்டற, அப்ப தப்பு அவன் மேலதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. என் சந்தேகத்தைப் பார்த்துத் தாமானே சிரிக்கும், இவரும் சிரிப்பார், நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இத்தனை நாள் தைரியமாக இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல் நுனியில் குத்திய இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. நான் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி எங்களுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

சுவரில் இருந்த பலகையில் எங்கள் எண் வந்தது. அறைக் கதவு திறந்து, தாதி எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. தொடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"வாங்க, நானும் கூட வாரேன்" என்றேன். "அங்க யார திட்டணும்னு மட்டும் சொல்லுங்க. டாக்டரா இருந்தாலும் திட்டறேன்."

அவர் எழுந்தார்.